ரேடியேட்டரில் கிண்டிய களி

மனித நாகரிகம் எந்த இடத்தில் முடிகிறது, காட்டுமிராண்டித்தனம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை எல்லைக்கல் நட்டுச் சொன்னவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பம்பாய் தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்த ஆறுமுகநயினார். "ரேடியேட்டர் மூடியில" என்று அவர் சொன்னார். அந்த மூடியைத் திருகித் திறந்து உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றுகிறவன் மனிதன். மஞ்சள் பொடி போடுகிறவன் இன்னும் மரத்தை விட்டு இறங்காதவன்.

இதை அவர் சிரிக்காமல் சொல்வார். சிரிப்பது கேட்கிறவர்கள் பொறுப்பு.

ரேஷன் கடையில் அரிசிக்கு ஊரே வரிசை நின்ற காலம் அது. மோட்டார் வைத்திருந்த தமிழர்களிடையே இந்த மஞ்சள் வைத்தியம் ஒரு மதம்போலப் பரவிக்கொண்டிருந்தது. என்ஜினுக்கு முன்னால் நிற்கும் ரேடியேட்டரில்தான் என்ஜினின் சூட்டை வாங்கி வந்த தண்ணீர் ஆறிக்கொள்ளும். அதில் மயிரிழை ஓட்டை விழுந்து தண்ணீர் சொட்டத் தொடங்கினால், கழற்றிப் பற்றவைக்க ஒரு நாள் பிழைப்பு போகும். இரண்டு கரண்டி மஞ்சள் பொடியைப் போட்டால் தூள் தண்ணீரோடு சுற்றிப் போய் ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும், பிழைப்பு போகாது. இந்த மதத்தின் பெரிய பூசாரி மாசானம் என்கிற டாக்ஸி டிரைவர். மதத்துக்கு வேண்டிய பூஜைச் சாமான் விற்றவர் ஆறுமுகநயினார். விற்கும்போதே திட்டுவார். திட்டுக்குத் தனி விலை கிடையாது.

"அண்ணாச்சி, மஞ்சள் பொடி ஒரு பொட்டலம்."

"வீட்டுக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான்."

"ஏ தங்கத்தாயி," என்று உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிடுவார். "மாசானத்தோட வண்டி பெரிய மனுஷி ஆயிட்டாம். மஞ்சள் தண்ணி ஊத்தணுமாம். தாய்மாமன் யாருன்னு கேளு, சீர் கொண்டாரச் சொல்லணும்லா."

"நீரு கேலி பண்ணும் அண்ணாச்சி. போன தீவாளியில இருந்து ஒரு சொட்டு ஒழுகல."

"ரசத்துல போடவேண்டிய சாமானை இரும்புக்கு ஊட்டுதான். நாளைக்குப் பெட்ரோல் டாங்கியில பெருங்காயம் கரைப்பான், பாத்துக்கிடுங்க."

கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மாசானமும் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிப் போவான்.

ஆறுமுகநயினாரிடமும் ஒரு வண்டி இருந்தது. பட்டாளத்தார் கழித்துப் போட்ட வேன். மாட்டுங்கா, செம்பூர், காட்கோபர் என்று வீடு வீடாகச் சாமான் போடுவது அதில்தான். அதற்கு அவர் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினார். "நான் பெத்ததுக்குக்கூட நீங்க இப்படி வடிகட்டிக் குடுக்கல" என்று தங்கத்தாய் சொன்னதுண்டு.

வண்டிக்கு அடுத்தபடியாக அவருக்குப் பெருமை மஞ்சளில்தான். கிழங்காக வாங்கி, மில்லில் கல்லைக் கழுவச் சொல்லி, அரைத்து முடிகிறவரை நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். மில்காரன் தும்மினால்கூட அந்தப் பிடிப் பொடியைத் தனியாக எடுத்துப் போடச் சொல்வார். மாட்டுங்கா வீடுகளில் அவர் கடை மஞ்சளைத் தவிர வேறு மஞ்சள் சாம்பாரில் விழுந்ததில்லை.

அப்படி ஒரு மாட்டுங்கா வீடு சந்திரமௌலியுடையது. கோட்டைப் பக்கம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் ஹெட் கிளார்க். ஊருக்குத் திரும்பிய மேலதிகாரி ஒருவரிடமிருந்து பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதை ஓட்டுவதைவிடத் துடைப்பது நன்றாக வந்தது அவருக்கு. ஒரு சனிக்கிழமை பையோடு கடைக்கு வந்தவர், மாசானத்தின் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா, நெஜமாவே ஒழுகறது நின்னுடறதா?"

"கல்லு மாதிரி நிக்கும் சார்."

"நம்ம வண்டியும் கொஞ்சம்... தரையில ஈரம் தெரியறது."

ஆறுமுகநயினார் தராசைக் கீழே வைத்தார். "சார், நீங்க படிச்சவங்க. அவன் சொல்லுதான்னு போட்டுட்டு நிக்காதீங்க. அப்புறம் வண்டி முழுகாம இருக்கு, வளைகாப்பு எப்பம்னு கேப்பான்."

"சேச்சே, சும்மா கேட்டேன் ஓய்."

"அப்பம் மஞ்சள் கட்டவா, வேண்டாமா?"

"வேண்டாம். ஆத்துல இருக்கு."

அவர் பெருங்காயம் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மனிதர் எவ்வளவு சாதாரணமாக நடக்க முயல்வாரோ அவ்வளவு சாதாரணமாக நடந்தார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் செத்தது.

செம்பூரில் மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசம். சந்திரமௌலியும் மனைவி மீனாட்சியம்மாளும் பட்டும் அங்கவஸ்திரமுமாகப் புறப்பட்டார்கள். சயான் தாண்டியதும் சூடு காட்டுகிற முள் மேலே ஏறத் தொடங்கியது. சந்திரமௌலி அதைத் திருப்தியோடு பார்த்தார். அவர் வேலை பார்த்த இடத்தில் மேலே ஏறுவது எதுவும் கெட்டதாக இருந்ததில்லை. முள் முட்டி நின்றபோது என்ஜினுக்குள் யாரோ தட்டுமுட்டுச் சாமானை உருட்டுவதுபோல் சத்தம் கேட்டது. பிறகு ஆவி. பிறகு வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. அவர் பதற்றப்படாமல் இறங்கி, டீக்கடையில் ஒரு வாளிப் பச்சைத்தண்ணீர் வாங்கிக் கொதிக்கிற என்ஜினுக்குள் ஊற்றினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். "சரியாயிடுத்து போலிருக்கு" என்றார் மனைவியிடம்.

தேவ்நார்ப் பக்கத்திலிருந்து காலியாக வந்த மாட்டுவண்டி ஒன்று காரை இழுத்து வந்து தாராவியில் ஜமாலின் பட்டறை வாசலில் விட்டது. இழுத்த மாடுகள் வழியில் ஒரு இடத்திலும் சூடாகவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை செய்தி கடைக்கு வந்தது. ஆறுமுகநயினார் சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் தங்கத்தாய்.

"சாவு விழுந்திருக்கு. துட்டி கேக்கப் போயிட்டு வாரேன்."

"துட்டிக்குப் போற மூஞ்சியா இது?"

முகத்தைச் சரிசெய்துகொண்டு போனார்.

ஜமால் மேலப்பாளையத்துக்காரர். பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். நாலு பேர் பார்க்காமல் அவர் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார். அன்று நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். மாசானம் டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டு முன் வரிசையில் நின்றான். சந்திரமௌலி லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜமால் முதலில் என்ஜின் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவினார். கூட்டத்துக்குக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பாலில் போட்ட காப்பியாக இருந்தது.

"பாத்துக்கிடுங்க. எண்ணெயும் தண்ணியும் சேரக்கூடாத சம்பந்தம். சேந்துட்டு."

"அதனால?" என்றார் சந்திரமௌலி.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவரு உண்டும். அது போயிட்டு."

பிறகு பிளக்குகளைக் கழற்றிவிட்டு மாசானத்தை ஹாண்டில் போட்டுச் சுற்றச் சொன்னார். பெட்ரோல் வாடை வர வேண்டிய ஓட்டையிலிருந்து துருத்தண்ணீர் பீச்சி அடித்துச் சந்திரமௌலியின் வெள்ளைச் சட்டையில் ஓர் இந்திய வரைபடம் போட்டது.

"பெரிசா ஒண்ணும் இருக்காதே?"

"இல்லை சார். ஹார்ன் நல்லா இருக்கு."

என்ஜினின் தலையைக் கழற்றி இறக்க மதியம் ஆகிவிட்டது. யாரும் சாப்பிடப் போகவில்லை. தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு கருகிக் கிழிந்து, கருவாட்டுத் துண்டாகக் கையோடு வந்தது. ஜமால் ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கழற்றிய தலையின்மேல் நிறுத்தினார். இந்தப் பக்கம் டார்ச் அடித்தால் ஸ்கேலுக்கு அடியில் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"தட்டையா இருக்கணும். சூட்டுல வளைஞ்சு போச்சு. இதைச் சீவித் தட்டையாக்கலாம்." அப்புறம் கீழே குனிந்து, அடிப்பாகத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஒரு கோடு தெரிந்தது. நரைமுடி ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. நகத்தால் நிமிண்டினார், அது வரவில்லை. "இதைச் சீவ முடியாது. பிளாக்கே வெடிச்சிருக்கு. இது சூடு பண்ணினது இல்லை. நீங்க ஊத்தின பச்சைத்தண்ணி."

"அந்த 'டக்' சத்தமா?"

"அதான். கதம் சார். மௌத்தாயிட்டு."

சந்திரமௌலி சற்று நேரம் ஹார்னையே பார்த்தார்.

ஆறுமுகநயினார் காத்திருந்த நேரம் இதுதான். தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க சார், ஒரு கேள்வி. மஞ்சள் போட்டியளா?"

"ரெண்டு கரண்டி."

"ரெண்டு கரண்டி!" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார் ஆறுமுகநயினார். "அன்னைக்கே சொன்னேனா இல்லையா? சொன்னேன்லா மாசானம்? காருக்கு வேண்டியது தண்ணி. சீமையில இருந்து இத்தனை மைல் கப்பல்ல வந்த வண்டி, நம்ம கைமருந்துல போயிட்டே!"

அவர் இன்னும் பேசியிருப்பார். அதற்குள் ஜமால் ரேடியேட்டரின் அடியில் இருந்த குழாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். குழாய் கொஞ்சம் யோசித்தது. பிறகு மஞ்சளாக ஒரு கட்டி 'பொத்'தென்று தரையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

ஜமால் அதை இரண்டு விரலால் எடுத்து இழுத்துப் பார்த்தார். அது நீண்டது.

"மஞ்சளு இப்படி வராதே."

"பின்ன?" என்றான் மாசானம், தன் மதத்துக்கு வந்த ஆபத்தைக் கவனித்தவனாக.

"மஞ்சள் போட்ட வண்டி எத்தனை பாத்திருக்கேன். எம்புட்டு கொதிச்சாலும் அது தூளாத்தான் கிடக்கும். இது மாவு. மாவு கொதிச்சா என்ன ஆகும்? உள்ளுக்குள்ள களி கிண்டியிருக்கு. தண்ணி போற வழியெல்லாம் களி. தண்ணி சுத்தல, சூடு ஏறிட்டு, வண்டி செத்துட்டு. சார், உங்க மஞ்சள்ல எவனோ மாவு கலந்திருக்கான்."

சந்திரமௌலி மெல்லத் திரும்பினார்.

"ஓய். எங்காத்து மஞ்சள் உம்ம கடை மஞ்சள்."

ஆறுமுகநயினாரின் வாய், சொற்பொழிவுக்குத் திறந்தபடியே இருந்தது.

"சார், என்ன பேசுதீங்க? அரிசிக்கு ரேஷன்ல அடிதடி நடக்கு. எவனாவது மஞ்சள்ல அரிசி மாவைக் கலப்பானா? அரிசியில மஞ்சளைக் கலந்தாலும் அர்த்தம் உண்டும்."

"அரிசி இல்லேன்னா கோதுமை," என்றார் ஜமால், உதவி செய்கிற குரலில்.

*

பட்டறையிலிருந்து கடை நடக்கிற தூரம்தான். அவர் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

வழக்கமாக வாங்குகிற பேராச்சி, மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்து, விரலிடுக்கில் தேய்த்து, அவர் முகத்தைப் பார்க்காமல் மடித்து வைத்தாள். "மிளகு மட்டும் குடுங்க அண்ணாச்சி. மஞ்சள் வீட்டுல கிடக்கு." மறுநாள் வேனில் மாட்டுங்கா சுற்றியபோது எந்த வீட்டிலும் சண்டை போடவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். மஞ்சள் மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மரியாதைதான் அவரைப் பயமுறுத்தியது. இன்றைக்கு மஞ்சள். மஞ்சளில் மாவு கலக்கிறவன் மிளகாய்ப் பொடியில் செங்கல் தூளைக் கலக்காமல் விட்டிருப்பானா என்று நாளைக்கு யோசிப்பார்கள். பிறகு மல்லி. கடையில் சரக்கு என்று இருப்பதெல்லாம் மொத்த வியாபாரியிடம் யாரும் வாங்கக்கூடியதுதான். அவர் சேர்த்து விற்றது பெயரை. அது போனால் மிஞ்சுவது தராசு.

"துட்டி கேக்கப் போனீங்க," என்றாள் தங்கத்தாய். "நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்க."

அன்று கடை அடைத்தபின் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துத் தன் மஞ்சளைப் போட்டுக் கொதிக்க வைத்தார். அது மஞ்சள் தண்ணீராகவே கொதித்தது. மணிக்கணக்காகக் கொதித்தும் களியாக அதற்கு விருப்பம் இல்லை. ஆக, தப்பு மஞ்சளில் இல்லை. அப்படியானால் அந்தக் கட்டி என்ன?

காலையில் பட்டறைக்குப் போனார். பார்க்க வருகிறவர்களுக்காக ஜமால் அந்தக் கட்டிகளை ஒரு தகர மூடியில் எடுத்து வைத்திருந்தார். ஆறுமுகநயினார் காய்ந்துபோயிருந்த ஒன்றை எடுத்து, உடைத்து, மூக்கருகில் கொண்டுபோனார். முதலில் எண்ணெய். அதன் அடியில் இரும்பு. அதற்கும் அடியில் பாசிப்பயறு. அப்புறம் கிச்சிலிக்கிழங்கு, பூலாங்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தங்கத்தாய் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற வாசனை. ஒரு செத்த என்ஜினை முகர்ந்தபோது மனைவி ஞாபகம் வந்த மனிதர் பம்பாயில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

நலங்கு மாவு. பெண்கள் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் குளிப்பது. பயற்றமாவும் கஸ்தூரி மஞ்சளும் வாசனைக் கிழங்குகளும் சேர்த்துத் தங்கத்தாயே அரைத்து மாட்டுங்கா வீடுகளுக்குக் கொடுப்பாள். நிறம், மஞ்சள் பொடிக்குத் தங்கை என்று சொல்லலாம்.

அவர் நேராக மாட்டுங்காவுக்கு வேனை விட்டார். சந்திரமௌலி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இப்போது பஸ்ஸில்.

"அம்மா," என்று மீனாட்சியம்மாளிடம் தயங்கிக் கேட்டார். "நீங்க குளிக்குத... நலங்கு மாவு டப்பாவை எங்கன வச்சிருக்கீங்க?"

"என்ன கேள்வி ஓய் இது?" என்றார் சந்திரமௌலி.

"கேக்கவேண்டியிருக்கு சார்."

மீனாட்சியம்மாள் உள்ளே போய் இரண்டு டப்பாக்களோடு வந்தாள். இரண்டும் ஒரே பிஸ்கட் கம்பெனி டப்பா. ஒன்று நிறைய இருந்தது. இன்னொன்றைத் திறந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"நவராத்திரிக்குன்னு வச்சிருந்தேனே, பாதிதான் இருக்கு? ஏன்னா, வண்டிக்கு மஞ்சள்னு சொன்னேளே, எதுலேர்ந்து எடுத்தேள்?"

"மேல் தட்டுல மஞ்சளா இருந்தது. எடுத்தேன்."

"மேல் தட்டுல இருக்கறது நலங்கு மாவு. மஞ்சள் அடுப்பு மேடையில இருக்கு. கல்யாணம் ஆன நாளா அங்கதான் இருக்கு."

"சொல்லியிருக்கப்படாதோ?"

"நீங்க சமையலுள்ளுக்கு வருவேள்னு நான் எந்த ஜோசியரைக் கேக்கறது?"

பிறகு அவளுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. நிறுத்த முடியாமல் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள். "ஏன்னா, மாதர் சங்கத்துல தெரிஞ்சா என்னை என்ன பண்ணுவா தெரியுமா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வண்டி ஸ்நானம் ஆச்சான்னு கேப்பா."

ஆறுமுகநயினார் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ஒரு வார்த்தை நீங்க சொன்னாப் போதும். என் கடை பேரு நிமுந்துரும்."

சந்திரமௌலி வாசல் கதவைச் சாத்தினார்.

"உக்காரும் ஓய். நிதானமா யோசிச்சுப் பாரும். கலப்பட மஞ்சளால வண்டி போச்சுன்னா, நான் ஏமாந்தவன். குளிக்கற மாவைப் போட்டேன்னா, நான் முட்டாள். ஏமாந்தவனுக்கு ஆபீஸ்ல அனுதாபம் உண்டு. மேனேஜரே எழுந்து வந்து கையைப் பிடிச்சார். முட்டாளுக்கு என்ன உண்டு?"

"அப்பம் என் கடை?"

"எங்காத்துக்கு உம்ம மஞ்சள்தான். அதுல மாத்தமே இல்லை," என்றார் சந்திரமௌலி, மிகுந்த பெருந்தன்மையோடு. "யாருக்கும் தெரியாம கொண்டுவந்து கொடும்."

*

உண்மை கையில் கிடைத்த மனிதன் எவ்வளவு வேகமாக வண்டி ஓட்டுவானோ அவ்வளவு வேகமாக ஆறுமுகநயினார் ஜமாலின் பட்டறைக்கு ஓட்டினார். மாசானமும் இன்னும் இரண்டு டாக்ஸிக்காரர்களும் இருந்தார்கள். அவர் மூச்சு வாங்கச் சொன்னார். டப்பா, மேல் தட்டு, நலங்கு மாவு, நவராத்திரி எல்லாவற்றையும் சொன்னார்.

பட்டறைக் கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். மாசானம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, உம்மை அடிச்சுக்க ஆளில்லை. போன மாசம் என் வண்டி சமைஞ்சிட்டுன்னீரு. இப்பம் சார் வண்டிக்கு நலங்கு வச்சாச்சு. தாலி எப்பம்?"

"ஏலே, இது கதையில்லைலே. நிசமாச் சொல்லுதேன்."

"எப்பவும் அப்படித்தான சொல்லுவீரு. மூஞ்சியில ஒரு சுருக்கம் காட்ட மாட்டீரே."

"அந்தக் கட்டியை மோந்து பாருங்கவே! கிச்சிலிக்கிழங்கு வாசம் வரும்."

ஜமால் மோந்து பார்த்தார். "கிரீஸ் வாசம் வருது," என்றார். அவர் மூக்குக்கு முப்பது வருஷமாக எல்லாவற்றிலும் கிரீஸ் வாசம்தான்.

"போய் அந்த அம்மாகிட்டக் கேளுங்க!"

"மாட்டுங்காவுக்குப் போயி, அம்மா உங்க குளிக்கிற மாவைக் காட்டுங்கன்னு நாங்க கேக்கணும். உதைபடவா?"

ஆறுமுகநயினார் சட்டியில் கொதிக்க வைத்துப் பார்த்ததைச் சொன்னார். இங்கேயே ஸ்டவ் பற்றவைத்துக் காட்டுகிறேன் என்றார். ஜமால் தலையை ஆட்டினார்.

"சட்டி வேற, ரேடியேட்டர் வேற அண்ணாச்சி. சட்டியில கொதிச்சது சாம்பாருதான்." ஸ்பேனரால் வெளியே நின்ற வேனைக் காட்டினார். வேனின் மூக்குக்குக் கீழே தரையில் ஒரு நாலணா அளவுக்கு ஈரம். "உம்ம வண்டியும் ஒழுகுதே. ரொம்ப நாளாப் பாக்கேன். தினம் ஒரு செம்பு ஊத்துதீரு, சொல்ல மாட்டங்கீரு. அம்புட்டு நல்ல மஞ்சளுன்னா அதுல போடும். களி ஆகாம ஓடிச்சுன்னா எவன் பேசுவான்?"

"அது ஒழுகல," என்றார் ஆறுமுகநயினார். "வேர்க்குது."

யாரும் சிரிக்கவில்லை. உண்மைக்குச் சிரித்தவர்கள் இந்தப் பொய்யை மட்டும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் மாட்டுங்காவில் மஞ்சள் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில், மிளகாய்ப் பொடியையும் இந்த மாதம் நிறுத்திக்கொள்வதாக மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை. மாட்டுங்கா மார்க்கெட் ஓரத்து டாக்ஸி ஸ்டாண்டில் கறிவேப்பிலையும் வாழைப்பூவுமாகப் பெண்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆறுமுகநயினார் வேனை ஸ்டாண்டின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கினார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. பானட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து தன் கடைப் பொட்டலம் ஒன்றையும் ஒரு கரண்டியையும் எடுத்தார்.

டாக்ஸிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். காய்கறிப் பையோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நாலைந்து பேர். மாசானம் கடைசியாக வந்தான். வாயில் ஏதோ ஒரு வார்த்தை இருந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

என்ஜின் ஆறிவிட்டதா என்று கையை வைத்துப் பார்த்தார். துணியைப் போட்டு மூடியைத் திருகித் திறந்தார். பொட்டலத்தை, பெண்கள் கண்ணில் படும்படி, மேலே பிடித்துப் பிரித்தார். கரண்டி நிறைய அள்ளினார். கொண்டுபோன கை பாதியில் நின்றது. கூட்டம் அவருடைய சொற்பொழிவுக்காகக் காத்திருந்தது.

அவர் மாசானம் பக்கம் சற்றே சாய்ந்தார்.

"ஏலே," என்றார், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "எத்தனை கரண்டி?"

"டாக்ஸிக்கு ரெண்டு அண்ணாச்சி. இது பெரிய வண்டி. மூணு போடும்."

ஆறுமுகநயினார் மூன்று போட்டார்.